பியூசுக்கு ஒருத்தி

8 மார்ச் 1954, திங்கள். மத்திகிரி

இன்றைக்கும் பியூஸ் போயிற்று. விளக்கு போடுகிற நேரம். கூடத்திலும் சரசம்மா அறையிலும் இருட்டு, சமையல்கட்டில் மட்டும் எரிந்தது. அவர் வழக்கம்போல வாசற்படியில் நின்றுகொண்டு "ஜோதி, ஜோதி" என்று கத்தினார். கரண்டு வந்த புதிதில் ஒரு தரம் போர்டில் கை வைத்து உதறல் வாங்கியவர். அன்றிலிருந்து அந்தச் சுவர்ப் பக்கம் சாய்ந்துகூட உட்காருவதில்லை. பத்து ஆளை வைத்து வேலை வாங்குகிற திம்மராயன்!

மெயின் சுவிட்சை இறக்கினேன். மூன்று பீங்கான் பியூஸ் கட்டைகளில் நடுவில் இருப்பதை உருவினேன். கம்பி அறுந்து, உள்ளே கரி படிந்திருந்தது. துடைத்து, புதுக்கம்பி சுற்றி, திருகை முடுக்கி, கட்டையைச் செருகி மெயினை ஏற்றினேன். ஐந்து நிமிஷ வேலை. சரசம்மா கதவோரம் நின்று பார்த்தாள்.

அவர் சொன்னார்: "அவ புள்ளைக்கு, நீ பியூசுக்கு. வீட்டுக்கு ரெண்டு பேரும் வேணும்தான்."

அவள் சிரிக்கவில்லை என்று எழுத ஆசை. ஆனால் சிரித்தாள்.

11 மார்ச்

பதினாறு வருஷக் குடித்தனம். பிள்ளை இல்லை. போன ஐப்பசியில் மாலூருக்குப் போய் இவளைக் கட்டிக்கொண்டு வந்தார். மெட்ராஸ் ராஜ்யத்தில் இரண்டாம் தாரத்துக்குச் சட்டம் விடாதாம், மைசூர்ப் பக்கம் விடுமாம், யாரோ சொன்னார்களாம். பஸ்ஸில் கொஞ்ச நேரம் போனால் நியாயம் மாறிவிடுகிறது. தாலி கட்டுகிற அன்று காலை எனக்கு ஒரு புடவை வாங்கிக் கொடுத்தார். பச்சை. அதைத்தான் கரித்துணியாகப் பிடித்து அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்குகிறேன்.

23 மார்ச்

நடுக்கட்டையில் இருக்கிறது கூடத்து விளக்கும் அவள் அறை விளக்கும் இஸ்திரிப் பெட்டி பிளக்கும். வயர்மேன் முனிவேல் இரண்டு தினுசுக் கம்பி கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். மெல்லிசு விளக்குக்கு, தடித்தது இஸ்திரிக்கு. நான் நடுக்கட்டையில் மெல்லிசைப் போட்டேன். அவள் ஆசையாகப் பெட்டியைச் சூடு பண்ண, பட்டென்று போயிற்று. மறுபடி மெல்லிசு. மறுபடி போயிற்று. "இந்தப் பெட்டி உனக்கு ராசி இல்லே போல" என்றேன். புடவையை மடித்து வைத்தாள்.

முனிவேல் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் மெயின். "மெயினை இறக்காம கை வெச்சா கொன்னுடும்மா" என்று இடது கையைக் காட்டினான். இரண்டு விரல் மடங்காது. கல்தரை, வெறுங்கால், ஈரம் இருந்தால் கேட்கவே வேண்டாம் என்றான்.

9 ஏப்ரல்

ஐந்தாம் தேதியிலிருந்து வீட்டுக்குத் தூரம். பின்கட்டு அறையில் இருந்தேன். ஆறாம் தேதி பியூஸ் போனது. நான் உள்ளே வரக் கூடாது, அவர் தொடமாட்டார், முனிவேல் ஊரில் இல்லை. இரண்டு சாயங்காலம் அரிக்கேன் விளக்கோடு தடவிக்கொண்டிருந்தார்கள். நான் பின்கட்டில் காலை நீட்டி உட்கார்ந்து, அவர் எதன் மீதோ முட்டிக்கொண்டு திட்டுவதைக் கேட்டேன். இத்தனை சுகமாக நான் இருந்து வெகு நாளாயிற்று.

நேற்று தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து போட்டேன். "நீ இல்லேன்னா இந்த வீடு விளங்காது" என்றார். ஒரு வார்த்தைதான். அதை வைத்துக்கொண்டு ஒரு மாசம் ஓட்டுவேன்.

2 மே

சரசம்மா முழுகாமல் இருக்கிறாளாம். மூன்று மாசம்.

16 மே, ஞாயிறு

சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னார். "பிரசவத்துக்கு அவ அம்மா வந்து இருக்கப் போறாங்க. உன் அறை வேணும். ஆடிக்கு முன்னாடி நீ பேரிகைக்குப் போயிடு."

"பியூஸ் போனா?"

"அதுக்கா ஒரு ஆளை வெச்சு சோறு போடுவாங்க? முனிவேல் வரான். இல்லே, சரசு கத்துக்குவா."

பேரிகையில் அண்ணன் வீடு. போன வருஷம் போனபோது அண்ணி மாட்டுக்கொட்டகை ஓரத்தில் பாய் போட்டாள். ஒரு வாரத்துக்கே அப்படி. ஆயுசுக்கும் என்றால்? விருந்தும் மருந்தும் மூன்று நாள். நான் விருந்துகூட இல்லை, திரும்பி வந்த சரக்கு.

அவள் மட்டும் கத்துக்கிட்டா நான் ஒழிஞ்சேன்.

1 ஜூன், செவ்வாய்

நேற்றிலிருந்து தூரம். இந்த நாளில் எழுதக் கூடாதென்பார்கள். பென்சிலுக்கு என்ன தெரியும்.

மாலூரிலிருந்து அவள் அம்மாவும் மாமாவும் சாயங்கால பஸ்ஸில் வருகிறார்கள் என்று வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். பொழுது சாய்கிற நேரம் அவள் புடவைக்குப் பெட்டி போட்டாள். நான் சுற்றிவைத்த மெல்லிசுக் கம்பிதான், போயிற்று. அவர் நான் இருந்த கிணற்றடிக்கு வந்து, என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"முனிவேல் சூளகிரிப் பக்கம் போயிருக்கானாம். அவளுக்கு எப்படின்னு சொல்லு, போட்டுக்குவா."

"நான் வந்து போட்டுட்டுப் போறேங்க."

"பெரியவங்க வர நேரத்துல, தீட்டோட உள்ளே காலை வைப்பியா?"

"அப்போ நீங்க போடுங்க. வயித்துப் புள்ளைக்காரி..."

"எனக்கு மசங்கல்ல கண்ணு தெரியலே" என்று போய்விட்டார். கண்ணாம். பயந்தாங்கொள்ளி.

அவள் வந்து கிணற்றுக்கு அந்தப் பக்கம் நின்றாள். காலில் ஈரம். சொன்னேன். மூணு கட்டை இருக்கும், ஒவ்வொண்ணா உருவிப் பாரு. கம்பி அறுந்து கருகினது எதுவோ அதுதான் போனது. பழைய துண்டை எடுத்துப்போடு. கரியைத் துடை. தடிச்ச கம்பியை எடு, திருகுல சுத்து, ரொம்ப இழுக்காதே. திருப்பிச் செருகு. எல்லாம் வரிசையாகச் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு போனாள்.

மெயினை இறக்கு என்று சொல்லவில்லை.

மறந்துவிட்டேனா? இல்லை. வாய் வரைக்கும் வந்தது. விழுங்கினேன். எழுதிவிட்டேன், அழிக்கமாட்டேன்.

ஈரத்தரைன்னு தெரியும்டி ஜோதி உனக்கு. வெறுங்கால்னு தெரியும். வயித்துல நாலு மாசம். ஒரு குரல் கொடுத்திருக்கலாமே — ‘இரு சரசு’ன்னு ரெண்டு வார்த்தை. கொடுக்கலே. காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன், எப்போ விழுவாள்னு.

விளக்கு எரிந்தது.

மனசில் வந்தது என்ன என்று பொய் எழுதலாம். ஏமாற்றம்தான் வந்தது. அதற்கப்புறம்தான் பயம்.

சோற்றுத்தட்டோடு அவளே வந்தாள். தட்டைக் கல்லின் மேல் வைத்தாள்.

"மெயினை இறக்கணும்னு நீங்க சொல்லலே அக்கா."

"மறந்துட்டேன்."

"நாலஞ்சு மாசமா கதவோரம் நின்னு பாக்கிறேன். நீங்க ஒரு நாளும் மறந்ததில்லே." குரலை உயர்த்தவில்லை. "மொதல்ல அதைச் செஞ்சுட்டுத்தான் உங்ககிட்ட கேக்க வந்தேன். நீங்க சொல்றீங்களான்னு பாத்தேன்."

போய்விட்டாள். கூடத்தில் அவள் அம்மா மகளின் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பது கேட்கிறது. தட்டில் இன்னும் கை வைக்கவில்லை.

4 ஜூன்

சரசம்மா அவரிடம் சொல்லவில்லை. ஏன்?

5 ஜூன்

இன்றும் சொல்லவில்லை. அவர் செருமினால்கூட, சொல்லிவிட்டாளோ என்று கை வேலையைப் போட்டுவிட்டுக் காது கொடுக்கிறேன்.

19 ஜூன், சனி

பெட்டியைக் கட்டி வைத்துவிட்டேன். அவர் வண்டிக்குச் சொல்லப் புறப்பட்டபோது சரசம்மா குறுக்கே வந்தாள்.

"அக்கா போக வேணாங்க. இங்கேயே இருக்கட்டும். அவங்க அறையை அம்மாவுக்குக் கொடுத்துட்டு பின்கட்டுல படுத்துக்குவாங்க. எனக்கும் ஒத்தாசையா இருக்கும்."

அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு சரி என்றார். நான் சமையல்கட்டுக்குள் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். இவளையா அப்படி நினைத்தேன் என்று அழுதேன். காலில் விழக்கூடத் தோன்றியது. அவள் உள்ளே வந்து தண்ணீர் மொண்டு குடித்தாள்.

"பேரிகைக்குப் போனா உங்களுக்கு நிம்மதி வந்துடும் இல்லீங்களா அக்கா" என்றாள். "அதான்."

சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

11 ஜூலை

பின்கட்டில் விளக்கு இல்லை. கேட்கவும் இல்லை.

22 ஆகஸ்ட், ஞாயிறு

இன்று விளக்கு போடுகிற நேரம் பியூஸ் போனது. அவர், அவள் அம்மா, நான், எல்லோரும் கூடத்தில். சரசம்மா ஆறு மாச வயிற்றைத் தாங்கிக்கொண்டு எழுந்து போர்டுக்குக் கீழே நின்றாள். என்னை அரிக்கேனைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன்.

"மொதல்ல என்ன செய்யணும் அக்கா?"

பியூஸ் போகும்போதெல்லாம் இதைத்தான் கேட்கிறாள். இது ஐந்தாவது தடவை.

"மெயினை இறக்கணும்."

"சரியாக் கேக்கலே."

"மெயினை இறக்கணும்."

அவள் அம்மா வாயெல்லாம் பல்லாக என்னைப் பார்த்தாள். அவர் வெற்றிலையை மென்றபடி, "பாத்தீங்களா அத்தை, எல்லாம் தெரிஞ்சும் பெரியவளை ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் கை வைக்கிறா. இந்தக் காலத்துல யாருக்கு வரும் இந்த மரியாதை?" என்றார்.

சரசம்மா போர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "இன்னொரு தரம் சொல்லுங்க அக்கா. அம்மாவும் கேக்கட்டும்."

சொன்னேன்.