நைனா படகில் முதல் துளை

தமிழ்மாறா, குழம்பைச் சுடவைத்துவிட்டு இந்தச் சீட்டோடு வந்து உட்கார். பட்டினப்பாக்கத்து அம்மா ஒருத்தியின் கதை சொல்கிறேன்.

அவள் பிள்ளைக்கு, ஓடுகிற படகில் நாலு தூண்டில் கழியைச் செருகி இழுத்துக்கொண்டு போக ஆசை. “கழி சொருவுற தாங்கிய, படகுல போல்ட்டு போட்டு இறுக்குனாத்தான்மா நிக்கும்,” என்றான்.

“உன் நைனா படகுல ஓட்டை போடுவியா? விளிம்புல கவ்வுற பிளாஸ்டிக்கு தாங்கி சல்லிசா கீதே, அத வாங்கு,” என்றாள். செத்துப்போன புருஷன் விட்டுப்போனது அந்தப் படகு ஒன்றுதான்.

அதையே வாங்கி மாட்டினான். வஞ்சிரம் ஒன்று குறுக்கே ஓடி நாலு தூண்டில் நரம்பையும் சிக்கவைத்தது. இழுத்த இழுப்பில் பிடி விட்டு, தாங்கி, கழி எல்லாம் கடலோடு போயின. படகை விற்கப்போவதாகச் சொன்ன பிள்ளை, அப்புறம் அவளிடம் பேசவே இல்லை.

சாயங்காலம் படகை வாங்கிப்போக ஆள் வருகிறார். இன்ஜின் பூட்டுச் சாவி அரிசி டப்பா மேல் இருக்கிறது. கட்டிலடியில், தாங்கிக்காகக் குழாய்க் கடையில் சாய்வாக வெட்டி வாங்கிய நாலு பிவிசி துண்டு, போல்ட்டு, டிரில் மிஷின். படகில் முதல் துளையைக் காலையில் அவளே போட்டாள். உன் மனம் மாறாது என்று தெரிந்தும் போட்டாள். படகு போவதைப் பார்க்க முடியாமல் ஆதம்பாக்கத்துத் தங்கச்சி வீட்டுக்குப் போகிறாள்.

மறந்துவிட்டேன். துளை கோணலாகிவிட்டது. வாங்குகிறவரிடம் அதை மறைக்காதே, டீ போட்டுக் கொடு. எங்கே பிழைத்தாலும் உன் வீட்டுச் சட்டியில் மீன் வாசம் குறையாமல் இருக்கட்டும், கண்ணு.