பதினேழு 'ஏன்'

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நலம். அத்தானுக்கு நாளைக் காலை கண் ஆபரேஷன், பயப்பட ஒன்றுமில்லை. உன்னைத்தான் நான்கு நாளாகப் பிடிக்க முடியவில்லை. எப்போது அடித்தாலும் போன் அணைந்தே கிடக்கிறது.

நீ அனுப்பிய கட்டுரை வந்தது. ஏண்டா, ஒரு பிரெஞ்சுக்காரர், ஒரு பாரசீகர், இருவரும் எழுதிய இருட்டுக் கதைகளை விட்டால் ஒப்பிட உனக்கு வேறு எதுவுமே கிடைக்கவில்லையா? ஆனாலும் நன்றாக எழுதியிருக்கிறாய். பிரெஞ்சுக் கதையின் ஆள் வெளியிலிருந்து ஏதோ வரப்போகிறது என்று கதவைச் சாத்துகிறான். பாரசீகக் கதையின் ஆளுக்கோ அது ஏற்கெனவே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது என்கிறாயே, அந்த இடத்தை எங்கள் அச்சகத்தில் கமா அண்ணனிடம் படித்துக்காட்டிப் பீற்றிக்கொண்டேன். கண்ட இடத்திலெல்லாம் காற்புள்ளி போடுவார் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். தம்பிக்கு நல்ல மூளைம்மா, ஆனா தூங்கி ரொம்ப நாளாச்சு போல என்றார். சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

பிழை திருத்தியே பழகிப்போன கை சும்மா இருக்குமா? ஆறாம் பக்கத்தில் அந்தப் பாரசீகக் கதை ஆள் 'கதவைத் தாழிட்டான்' என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே 'திரையை மூடினேன்' என்கிறாய். அவசரத்தில் எழுதியிருப்பான் கழுதை என்று 'மூடினான்' ஆக்கினேன். பிறகு பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் அதே தவறு. சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு 'ஏன்'-ஐயும் 'ஆன்' ஆக்கிக்கொண்டே போனேன். மொத்தம் பதினேழு.

பதினேழாவதில் கை நின்றுவிட்டது. அவன் ஜன்னலுக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு அடைக்கிறான். கால் உடைந்து, பச்சைக் கயிறு சுற்றிய நாற்காலி. அந்தக் கயிற்றைச் சுற்றியவளே நான்தானேடா! நீ முன்பு கொடுத்த அந்த இரண்டு கதைப் புத்தகங்களையும் எடுத்துப் புரட்டினேன். இரண்டிலும் அந்த நாற்காலி இல்லை. நீ எழுதியிருக்கும், மூன்று வாரமாக வகுப்புக்குப் போகாத வாத்தியாரும் இல்லை. உன் கல்லூரிக்குப் போன் செய்தேன். சார் வந்து மூணு வாரம் ஆச்சே, வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று என்னையே கேட்கிறார்கள்.

அப்போதுதான் புரிந்தது, அந்த ஆள் நீதான். நீ தவறு செய்யவில்லை. உட்கார்ந்து உன்னை ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டிருந்தது நான்தான். பதினேழையும் பழையபடி மாற்றிவிட்டேன்.

கடைசிப் பக்கத்தில் 'முடிவு: ஞாயிறு' என்று எழுதி, கீழே வெறுமனே விட்டிருக்கிறாய். அந்த இரண்டு கதைகளும் எப்படி முடிகின்றன என்று எனக்குத் தெரியும்; இரண்டிலும் அந்த ஆள் சாவைத்தான் தேடுகிறான். இன்று வெள்ளிக்கிழமை.

இந்தக் கடிதத்தோடு கமா அண்ணன் மதியப் பஸ்ஸில் வருகிறார். கதவடியில் இதைத் தள்ளிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பார். நீ திறக்காவிட்டாலும் போகமாட்டார். முற்றுப்புள்ளி என்றாலே அவருக்கு ஆகாது. அத்தானை வீட்டில் கொண்டுவந்து விட்ட கையோடு நாளை ராத்திரிக்குள் நானும் வந்துவிடுவேன்.

நீ நூறு வயசு இருக்கணும்டா. அந்த முடிவை மட்டும் எழுதாதே. அதற்குப் பதிலாக 'கதவைத் திறந்தேன்' என்று ஒரே ஒரு வரி எழுது, என் கண்ணு. அந்த 'ஏன்' மேல் என் பேனா படாது.

உன் வாசலுக்கு வந்துகொண்டிருக்கும்,
அக்கா