அடியில் கிடக்கும் அழைப்பு

பெங்களூர்,
12.10.2002

அம்மாவுக்கு அறிவுச்செல்வி வணக்கத்தோட எழுதுறேன். நான் நல்லாத்தான் இருக்கேன். உனக்கு இழுப்பு கொறஞ்சிருக்கா?

பயப்படாமப் படி. ஆம்புலன்ஸ் ஆபீஸுக்கு நாங்க எழுதிக் குடுத்த புரோகிராம், புதுசா வர்ற போனை மேல மேல அடுக்குது. முதல்ல கூப்பிட்டவங்க அடியில போயிடுறாங்க. குழாயடியில கடைசியா வந்த குடத்துக்கு முதல்ல தண்ணி புடிச்சா நீ சும்மா இருப்பியா? நேத்து மழையில போன் குவிஞ்சு, முதல்ல கூப்பிட்ட ஒரு பெரியவருக்குக் கடைசியாத்தான் வண்டி போச்சு. நல்லவேளை, பிழைச்சுட்டார்.

டேட்டா ஸ்ட்ரக்சர்னு காலேஜ்ல படிச்சதே இந்த வரிசையப் பத்தித்தான். "அதெல்லாம் பரீட்சையோட சரி"ன்னு புரோகிராம் எழுதுறப்பவே சொன்ன எங்க மேனேஜர், இப்பவும் திங்கக்கிழம பாத்துக்கலாங்கறார். அதுவரைக்கும் போன் எடுக்கிறவங்க பக்கத்துல உக்காந்து, அடியில கெடக்குற பேரை நானே சத்தமா வாசிக்கிறேன்.

கொஞ்சம் பருப்புப்பொடி அனுப்பு. கடைச் சோறு தொண்டையில எறங்கல. ராத்திரி உனக்கு இழுத்தா, ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுட்டுக் காத்துக் கெடக்காத. எதுத்த வீட்டு ஈஸ்வரன் மாமாவ எழுப்பு.

இங்க மழை புடிச்சிருச்சு. வாசிக்கப் போறேன்.

அறிவு