வீட்டில் எத்தனை பேர்

சர்ஜிஸ்
நோன்பு பன்னிரண்டு

அல்லாஹ்வின் காவலில் தூனிஸில் இருக்கும் என் மகள் அஹ்லாமுக்கு, உம்மா மப்ரூக்கா எழுதுவது. உன்மீது சாந்தி உண்டாகட்டும். நானும் வாப்பாவும் நலம். அவருடைய முழங்கால் வலி குறைந்திருக்கிறது, தொழுகைக்கு நாற்காலி வேண்டாம் என்கிறார். உங்கள் ஊருக்கு வண்டி ஓட்டும் லம்ஜத்திடம் ஆலிவ் எண்ணெயும் காய்ந்த மிளகாயும் கொடுத்தனுப்புகிறேன். இந்தக் கடிதம் மிளகாய்ப் பைக்குள் இருக்கும். போனில் இதைச் சொல்ல வழியில்லை. நான் பேசும்போதெல்லாம் வாப்பா பக்கத்தில்தான் இருக்கிறார்.

முதலில் நல்ல செய்தி. உங்கள் அலுவலகத்து ஏற்பாடு நம் தெருவில் நிலைத்துவிட்டது. வாங்கிய ரொட்டி எத்தனை, மிஞ்சியது எத்தனை என்று தினமும் போனில் தட்டிவிடுகிறோம். அதை வைத்து நாளைக்கு எவ்வளவு மாவு பிசையலாம் என்று ரொட்டிக்கடை லஸாதுக்கு நீங்கள் சொல்லிவிடுகிறீர்கள். போன நோன்பில் அவன் கடையிலிருந்து மூட்டை மூட்டையாய்க் காய்ந்த ரொட்டி ஆட்டுக்குப் போனது உனக்கு நினைவிருக்கும். இப்போது ஒரு மூட்டை நிறையவே சில நாளாகிறது. கீழே விழுந்த துண்டை எடுத்து முத்தமிட்டு மதில்மேல் வைக்கிற நாம், முழு ரொட்டியைப் பையில் கட்டி வாசலில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தோமே, அதை எண்ணித்தான் வெட்கப்படுகிறேன். எதிர்வீட்டு ஜமீலா மட்டும், "உன் மக பட்டணத்துல உக்காந்துக்கிட்டு எங்க வயித்த அளக்குறாளே" என்று என்னைச் சீண்டுகிறாள். தினமும் முதலில் தட்டிவிடுகிறவளும் அவள்தான்.

இனி நான் எழுத வந்தது. உன் தம்பி வஜ்தி கடல் தாண்டிப் பிழைக்கப் படகேறிப் போய் இது ஐந்தாவது மாதம். அக்கரையிலிருந்து ஒரு தகவலும் இல்லை. அன்றிலிருந்து வாப்பா அவன் பெயரைச் சொல்வதில்லை. நான் சொன்னாலும் எழுந்து போய்விடுகிறார். கோபம் தீரவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

நீ என்னை இந்த ரொட்டிக் கணக்கில் சேர்த்துவிட்டபோது, வீட்டில் எத்தனை பேர் என்று போனில் கேட்டது. உண்மையைப் போடுங்கள் உம்மா என்றாய். இரண்டு என்று போட்டேன். போன வாரம் தகவல் வந்தது. தினமும் ஒரு ரொட்டி மிஞ்சுகிறது, இருவருக்கு இரண்டே போதும் என்று. கணக்கில் பிழை இல்லை. அதுவும் நோன்பு நாளில் வீணாக்குவது என்ன நியாயம்? நாளையிலிருந்து இரண்டு வாங்கினால் போதும் என்று வாப்பாவிடம் சொன்னேன். தலையாட்டினார். மாலையில் மூன்றோடு வந்தார். மறுநாளும் மூன்று.

லஸாத் பழக்கத்தில் கொடுத்துவிடுகிறான் என்று நினைத்து நானே கடைக்குப் போனேன். அவன் கையில் ஒட்டிய மாவைத் தட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "தகவல் எனக்கும் வந்துச்சுக்கா. ரெண்டு போதுமாமேன்னு அண்ணன்கிட்ட கேட்டேன். 'கணக்கெல்லாம் சரிதான்டா. பாங்கு சொல்ற நேரத்துல பையன் வந்து வாசல்ல நின்னா, நேத்து ரொட்டியவா குடுக்கச் சொல்றே?'ன்னாரு. மூணையே கட்டிக் குடுத்துட்டேன்."

அன்று மாலை நோன்பு திறக்கையில் மூன்றாவது ரொட்டியைத் துணியில் சுற்றி, வஜ்தி உட்காரும் பக்கம் வைத்தேன். வாப்பா பார்த்தார். கை நீட்டி, விலகியிருந்த துணி நுனியை இழுத்து மூடினார். "சூடு ஆறாம இருக்கட்டும்" என்றார். பிறகு பேரீச்சம்பழத் தட்டை என் பக்கம் தள்ளினார்.

வீணாகிறதே என்று வருந்தாதே. விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு அதைப் பிய்த்துக் கொண்டைக்கடலைச் சாற்றில் ஊறவைத்து நாங்களே சாப்பிட்டுவிடுகிறோம். அதனால் மிஞ்சியது என்ற இடத்தில் இப்போது சுழியம் போடுகிறேன். பொய் இல்லை.

ஆனால் வீட்டில் எத்தனை பேர் என்பதை மாற்ற எனக்குத் தெரியவில்லை. தட்டித் தட்டிப் பார்த்தேன், திறக்கவில்லை. அதை நீ மூன்று என்று மாற்றிவிடு, மகளே. அலுவலகத்தில் மேலே இருப்பவர்கள் ஏன் என்று கேட்டால், என் உம்மா கணக்கில் ஒன்றைக் கூட்டிச் சொல்கிறவள் இல்லை என்று சொல்.

உன் கை பட்டதிலெல்லாம் அல்லாஹ் பரக்கத் தரட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. இங்கே அந்த மூன்றாவது ரொட்டி சூடாகவே தீர்ந்துபோகும் நாளில், எந்த நேரமானாலும் உன்னைக் கூப்பிடுவேன். போனை அணைக்காமல் தூங்கு.

உனக்காகவும் அவனுக்காகவும் கையேந்தியபடி,
உன் உம்மா