கல்யாணக் கால்சட்டையும் பிளாக்பெர்ரி முள்ளும்

அன்பு மகள் லீத்தாவுக்கு,

கென்டக்கியிலிருந்து உன் அப்பா எழுதுவது. இங்கே உன் அம்மா சுகம், மாடு சுகம், கோழிகளும் சுகம். நானும் தலையிலிருந்து இடுப்பு வரைக்கும் சுகம், தொடையிலிருந்து பாதம் வரைக்கும் சுகம். நடுவில் மிச்சமிருக்கும் இடத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். டெட்ராய்ட்டில் நீயும் மாப்பிள்ளை வால்ட்டரும் எல்லா இடத்திலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தை அம்மா அடுப்படியில் படித்துக் காட்டினாள், நான் நின்றுகொண்டே கேட்டேன், ஏனென்றால் உட்காருகிற இடத்தில் பெரிய கட்டி, சாப்பாடுகூட நின்றபடிதான், சர்ச்சில் கடைசிச் சுவரோரம் நிற்பதைப் பார்த்து எனக்குப் பக்தி முற்றிவிட்டது என்று போதகர் சந்தோஷப்பட்டார். அப்பாவால் ஒரு ராத்திரியும் பகலும் பஸ்ஸில் உட்கார்ந்து வர முடியாதென்றால் சொல்லிவிடுங்கள், கல்யாணத்தன்று அப்பா இடத்தில் நின்று என் கையைப் பிடித்துச் சர்ச்சுக்குள் கூட்டிப்போக வால்ட்டரின் மாமா காசிமிர் இருக்கிறார் என்று எழுதியிருந்தாய். நல்ல மனுஷர்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வரியைக் கேட்டபோது கட்டி வலித்ததே தெரியவில்லை, வேறெங்கோ வலித்தது.

டவுனில் டாக்டரிடம் போனேன். அவர் கத்தியை எடுத்தார், நான் தொப்பியைக்கூட எடுக்காமல் வந்துவிட்டேன். இந்த மலையில் யார் வீட்டில் பன்றி அறுத்தாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள், பன்றிக்கு எப்படி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. அப்புறம் பக்கத்து வீட்டு ஜெல்மா அக்கா வந்தாள், அதுதான், வயிறு போனால் ஊருக்கெல்லாம் பிளாக்பெர்ரி வேர்க் கஷாயம் கொடுப்பாளே, அவள். அந்தக் காலத்துல கத்தி யாரு கண்டா தம்பி, பிளாக்பெர்ரிக் கொடி வளைஞ்சு நுனியும் மண்ணுல வேர் விட்டிருக்கும் பாரு, அதுக்கு அடியில மூணு தடவை தவழ்ந்து போனா கட்டி போயிடும்னு சொல்லுவாங்க, ஆனா முடியிற வரைக்கும் வாயத் திறக்கக் கூடாது என்றாள். தவழ்றது கிடக்கட்டும் அக்கா, இந்த மனுஷன் வாய மூடுறதுக்கு ஏதாச்சும் வேர் இருக்கா என்றாள் உன் அம்மா.

நாங்கள் கொடியைத் தேடிப் போன அன்றைக்குப் பிளாக்பெர்ரிக் குளிர். புதரெல்லாம் வெள்ளையாகப் பூத்ததும் மே மாதத்தில் ஒரு வாரம் திரும்பி வந்து எலும்பைக் குடையுமே, அதேதான். என்னிடம் தடித்த கால்சட்டை ஒன்றே ஒன்று, உன் கல்யாணத்துக்குத் தேய்த்து மாட்டியிருந்த கறுப்புக் கம்பளி. அதைப் போட்டுக்கொண்டு, அம்மா கவனிப்பதற்குள் வளைவுக்கு அடியில் தலையை விட்டேன். முதல் தடவை எப்படியோ புகுந்து வந்தேன். இரண்டாம் தடவை தலை போயிற்று, தோள் போயிற்று, உன் அம்மா சுட்ட பழப் பலகாரமெல்லாம் சேர்ந்திருக்கிற வயிறு போக மறுத்துவிட்டது. முன்னாலும் முள், பின்னாலும் முள். கத்தலாமென்றால் வைத்தியம் கெட்டுவிடும். காலை ஆட்டிப் பார்த்தேன். ஜெல்மா அக்கா உன் அம்மாவைப் பார்த்து, ஐயோ ஓவா, இவரு மாட்டிக்கிட்டாரு போல, இழும்மா என்றாள். உன் அம்மா நிதானமாக ஒரு கல்லில் உட்கார்ந்து, இருங்க அக்கா, கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இவரு இவ்வளவு நேரம் பேசாம இருந்து நான் பார்த்ததே இல்ல, கொஞ்சம் அனுபவிச்சுக்கறேன் என்றாள்.

அனுபவித்து முடித்ததும்தான் என் கால்சட்டையைப் பார்த்தாள். அந்தக் கோபத்தில் இரண்டு காலையும் பிடித்து ஒரே இழுப்பு. முள் கால்சட்டையைக் கிழித்தது, கூடவே கட்டியையும் கிழித்தது. நான் போட்ட சத்தத்தில் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் நாய்கள் குரைத்தன. ஆனால் கட்டி உடைந்து, அம்மா வெந்நீரில் கழுவிக் கட்டுப் போட, நாலே நாளில் ஆறிவிட்டது. கொடிதான் குணமாக்கியது என்று ஜெல்மா அக்கா ஊரெல்லாம் சொல்கிறாள், நான் இழுக்காட்டி கொடி என்ன பண்ணியிருக்கும் என்கிறாள் உன் அம்மா. என்னை யாரும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுப் பிரசங்கமும் உட்கார்ந்தே கேட்டேன், போதகர் முகம் வாடிவிட்டது. பஸ் டிக்கெட்டும் வாங்கியாயிற்று.

ஒரே சங்கடம், கறுப்புத் துணி கிடைக்காமல் அம்மா தன் பழைய நீலக் கோட்டை வெட்டிப் பின்பக்கம் ஒட்டுப் போட்டிருக்கிறாள். நாம் நடந்து போகும்போது சபை முழுக்க அதைத்தான் பார்க்கும். உன் முகத்திரை நீளமாக இருந்தால் கொஞ்சம் என் பக்கமும் இழுத்து விடு. ஜூலையில் பழம் பறிக்க வரும்போது கணுக்காலில் மண்ணெண்ணெய்த் துணி கட்டச் சொல்லி வால்ட்டரைப் பழக்கு, இல்லையென்றால் பூச்சிக்கடியில் சொறிந்தே தேய்ந்துவிடுவான். கல்யாண அலைச்சலில் சாப்பிடாமல் இருக்காதே, வேலை முடிந்து தனியாக நடந்து வராதே. கடவுள் உங்கள் இருவருக்கும் நிறைந்த வீட்டையும் சிரித்த வாயையும் கொடுக்கட்டும்.

மறக்காமல் காசிமிர் மாமாவிடம் மரியாதையாக நன்றி சொல்லி, முன் வரிசையில் நல்ல இடமாகப் பார்த்து உட்காரச் சொல். உன் கையைப் பிடித்து நடக்க நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஒட்டுப்போட்ட உன் அப்பா
ஹோபர்ட்