புத்தக ஓரத்தில் எழுதிய தீர்ப்பு

17-7-1973, செவ்வாய்

சைக்கிளில் வாடகைப் புத்தகம் கொண்டுவரும் காசிம், நாவலைத் திருப்பி வாங்கிப் புரட்டினான். "இன்னா பெரிம்மா, புக்லியே தீர்ப்பு எழுதிக்கிறீங்க? கீழ அப்பீல் வேற கீது!" என்று சிரித்தான்.

பிடுங்கிப் பார்த்தேன். சாகக் கிடக்கும் தகப்பனைப் பார்க்க விடாமல் மாமியார் மருமகளை அறையில் பூட்டுகிற இடம். ஓரத்தில், "அநியாயம். இவளுக்கு நரகம்தான்" என்று நான் பென்சிலால் எழுதியிருந்தேன். அதன் கீழே, "நம் வீட்டில்?" என்று ஒரு கேள்வி. சலவை நோட்டில் தினமும் பார்க்கிற எழுத்துதான். என் மருமகள் கோமதியுடையது.

"அடுத்த வாரம் தரேன்ப்பா" என்று அவனை அனுப்பிவிட்டேன்.

கோமதியிடம் கேட்கவில்லை. அவளும் வழக்கம்போல, "அத்தை, காப்பி ஆறுது" என்றாள்.

நான் யாரையும் பூட்டவில்லை. ஆசிரியைப் பயிற்சிக்கு அவளுக்கு இடம் கிடைத்தது. மாம்பலத்தில் தினமும் ரயிலேற வேண்டும். "படிச்சது போதும், வீட்டைப் பாரு" என்றேன். அவ்வளவுதான்.

என்னை ஐந்தாவதோடு நிறுத்திய அன்று அப்பா சொன்னதும் இதேதான். மூன்று நாள் நான் சாப்பிடவில்லை.

ரப்பரால் என் வரியை மட்டும் அழித்தேன். அவள் கேள்வி அப்படியே இருக்கிறது. பயிற்சியில் சேர வெள்ளிக்கிழமை கடைசி நாள். காலையில் நானேதான் பேச்சை எடுக்க வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.