ஐந்து குப்பி வாலைநீர்

6-7-1953, திங்கள்

விடிந்ததிலிருந்து சாரல். குடையில் கிழிசல். சைக்கிள் சங்கிலி இரண்டு தடவை கழன்றது.

இந்த வாரம் ஐந்தாம் பாரம் வகுப்புக்கு ‘உயிருள்ளவற்றில் தண்ணீர்’. வேண்டியவை: கோழிமுட்டை 2, காடி (வினிகர்) அரைக் குப்பி, கறியுப்பு, கண்ணாடி ஜாடி 2, வாலைநீர்.

முட்டை வாங்க அட்டெண்டர் கணபதியை அனுப்பினேன். நானே கடையில் முட்டையும் கையுமாக நின்றால், வாத்தியார் வீட்டில் சைவம் போச்சு என்று வடசேரி முழுக்கப் பேச்சாகிவிடும். இரண்டையும் காடியில் போட்டாயிற்று. குமிழி விடுகிறது. நாளைக்குள் ஓடு கரைந்து தோல் மட்டும் நிற்கும்.

கணபதி சொன்னது: “கெணறெல்லாம் கலங்கிக் கெடக்கு சாரே. கீழத்தெருவுல ரெண்டு வீட்டுல வாந்திபேதியாக்கும்.”

அங்கேயே முடிவு செய்தேன். நம் வீட்டில் குடிக்க இனி வாலைநீர்தான். ஆவியைக் குளிரவைத்துப் பிடித்த தண்ணீர். ஹைட்ரஜன் இரண்டு, ஆக்சிஜன் ஒன்று, வேறு தூசு துரும்பு கிடையாது. சோதனைச்சாலை வாலையில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று குப்பி இறங்கும். தலைமையாசிரியர் சரி என்றார்.

சாயங்காலம் சிவகாமி ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். “இதுல ஒரு ருசியும் இல்லியே. வாய் கொப்புளிச்ச மாதிரி இருக்கு.”

சுத்தம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்றேன்.

“நீங்க சொல்லுகியோண்ணு குடிக்கேன்” என்று மூக்கைச் சுளித்துக்கொண்டு குடித்தாள். கல்யாணமாகி இரண்டு வருஷம். நான் சொன்ன எதையும் மூக்கைச் சுளிக்காமல் செய்ததில்லை, செய்யாமலும் இருந்ததில்லை.

7-7, செவ்வாய்

வெயில் கொஞ்சம். ஓடு போய்விட்டது. தோல்முட்டை இரண்டு, உள்ளே மஞ்சள் மங்கலாகத் தெரிகிறது. ஒன்றைக் கெட்டியான உப்புநீரில், மற்றதை வாலைநீரில் போட்டேன்.

வகுப்பில் சொன்னது: இந்தத் தோலுக்குள் தண்ணீர் நுழையும், உப்பு லேசில் நுழையாது. உப்பு எந்தப் பக்கம் கூடுதலோ தண்ணீர் அந்தப் பக்கம் போகும். உப்புநீரில் கிடப்பது சுருங்கும், வாலைநீரில் கிடப்பது வீங்கும். நம் உடம்பும் இப்படிக் கோடிக்கணக்கான சின்னப் பைகள்தான். கடைசி வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி அடிக்கோடும் போட்டேன். நன்றாக வந்துவிட்டது என்று எனக்கே ஒரு திருப்தி.

சுண்ணாம்புத்தூள் தும்மல். குடை தைக்கக் கொடுத்தேன்.

8-7, புதன்

சிவகாமிக்கு உடம்பு சரியில்லை. காலை ஐந்து மணிக்குத் தொடங்கியது. எட்டு மணிக்குள் பேதி ஏழு, வாந்தி மூன்று. அரிசி கழுவிய தண்ணீர் போலப் போகிறது.

எங்கே என்ன சாப்பிட்டாய் என்றேன். “நேத்து கீழத்தெரு அத்தை வீட்டுல ஒரு செம்பு தண்ணி குடிச்சேன். உங்க தண்ணி தொண்டைல எறங்கல்ல.” கத்திவிட்டேன். படுத்துக் கிடப்பவளிடம்.

லீவு சொல்லி அனுப்பினேன். டாக்டர் ஊரில் இல்லை, பேச்சிப்பாறைப் பக்கம் ஊசி போடப் போயிருக்கிறார். கம்பவுண்டர் ஒரு கலவை தந்தார். அதையும் வாந்தியெடுத்தாள்.

பக்கத்து வீட்டிலிருந்து மைனி, அண்ணன் மனைவி, கும்பாவில் வடிகஞ்சி கொண்டுவந்தார். உப்புப் போட்டது. மேலே பிலாவிலையைக் கரண்டியாக மடித்து ஈர்க்கு குத்தி வைத்திருந்தார். வாசலிலேயே நிறுத்தினேன். அது கிணற்றுத் தண்ணீர். ஈ மொய்த்திருக்கும். தவிர, விஷம் குடித்தவனை வாந்தியெடுக்க வைக்க உப்புத்தண்ணீர்தான் கொடுப்பார்கள், வாந்தியெடுக்கிறவளுக்கு அதையே கொடுக்கலாமா.

“எங்க அம்மை வீட்டுல இதத்தானே தம்பி எல்லாருக்கும் குடுப்பாவ.”

“மைனி, இது ரசாயனம். உங்களுக்குப் புரியாது.”

கும்பாவை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கணபதி வாலையை விடாமல் ஓட்டி மூன்று குப்பி கொண்டுவந்தார். மூன்றையும் கொடுத்து முடித்தேன். கொடுக்கக் கொடுக்கக் குடிக்கிறாள். இன்று மூக்கைச் சுளிக்கவில்லை. அதுதான் பிடிக்கவில்லை.

9-7, வியாழன், காலை

கண் குழிந்துவிட்டது. புறங்கைத் தோலைக் கிள்ளினால் கிள்ளினபடி நிற்கிறது. கெண்டைக்காலில் இழுப்பு. விரல்கள் மடங்கிக்கொள்கின்றன, பிரித்துவிட வேண்டியிருக்கிறது. தலை வெடிக்கிறது என்கிறாள்.

நான்காவது குப்பி முடிந்தது. ஐந்தாவது.

பத்து மணிக்கு என் முகத்தைப் பார்த்து, “ஏட்டி பகவதி, ஆத்துல தண்ணி வந்துட்டா?” என்றாள். பகவதி அவள் தங்கை. பயமாக இருக்கிறது. வேறு என்ன எழுத.

அதே நாள், சாயங்காலம்

நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

பன்னிரண்டரைக்கு டாக்டர் வந்தார். நாடி பார்த்தார், உட்காரவில்லை. “ஒடம்புல உள்ள உப்பெல்லாம் போயிருக்கு சாரே. உப்புநீர் நரம்புல ஏத்தணும். ஆசுத்திரி வராந்தாவுல வரை ஆளு கெடக்கு, குப்பி தீந்துபோச்சு. நாளைக்குத் திருவனந்தபுரத்துல இருந்து வரும். அதுவரைக்கும் வாய் வழியா குடுத்துக்கிட்டே இருங்கோ.” போய்விட்டார். உப்பு என்றது காதில் விழுந்தது, உறைக்கவில்லை.

மைனியைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு ஆறாவது குப்பிக்குப் பள்ளிக்கூடம் போனேன். கணபதி மேஜை துடைத்துக்கொண்டிருந்தார். உப்புநீர் முட்டை சுருங்கித் தொய்ந்து கிடந்தது. வாலைநீர் முட்டை ஜாடியை அடைத்துக்கொண்டு உப்பியிருந்தது. கணபதி ஜாடியை நகர்த்தினார். தோல் கிழிந்து மஞ்சள்கரு தண்ணீரெல்லாம் பரவியது.

“எவ்வளவு தண்ணிதான் குடிக்கும் அது” என்றார்.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கரும்பலகையில் என் எழுத்து, அழிக்கவே இல்லை. அடிக்கோட்டோடு.

உப்பெல்லாம் வெளியே போன உடம்பில் உப்பே இல்லாத தண்ணீரை ஐந்து குப்பி ஊற்றியிருக்கிறேன். உப்பு இருந்தால்தானே தண்ணீர் ரத்தத்தில் நிற்கும். பாதி நிற்காமல் வெளியே போகிறது. மீதி அந்தச் சின்னப் பைகளுக்குள் புகுந்து வீங்குகிறது. தலைவலி, இழுப்பு, தங்கை பெயர், எல்லாம் நான் கொடுத்தது.

ஆறாவது குப்பியை எடுக்கவில்லை. சைக்கிளை எப்படி மிதித்தேன் என்று தெரியவில்லை.

“மைனி, அந்தக் கஞ்சி.”

“உப்பு போடட்டா?”

“போடுங்க.”

வேறு ஒன்றும் கேட்கவில்லை அவர். வடிகஞ்சி கொதித்த தண்ணீர்தானே, அதில் என்ன கிருமி. அதுகூடத் தோன்றாத ரசாயன வாத்தியார்.

3.10 பிலாவிலையில் ஒரு வாய். வாந்தி.
3.20 மறுபடி. வாந்தி.
3.35 அரை வாய். நின்றது.
4.00 வரை நான்கு வாய். நின்றது.
5.30 அரைக் கும்பா. பேதி ஒன்று.

இன்னும் என்னை யாரென்று சொல்லவில்லை.

10-7, வெள்ளி

காலை ஆறரைக்குச் சிறுநீர் கழித்தாள். ஒரு நாளுக்கு மேலாகப் போகாமல் இருந்தது. இழுப்பு விட்டுவிட்டது.

ஏழு மணிக்கு மைனி கஞ்சி ஊட்டும்போது, “இண்ணைக்கு உப்பு கூடிப்போச்சு மைனி” என்றாள். பிறகு என்னைப் பார்த்து, “சவரம் செய்யல்லியா?” கிணற்றடிக்குப் போய் அழுதேன்.

உப்புநீர்க் குப்பிகள் வந்துவிட்டன. டாக்டர் இவளைப் பார்த்துவிட்டு, இவளுக்கு வேண்டாம், அடுத்தவருக்கு ஆகட்டும் என்றார்.

12-7, ஞாயிறு

சாய்ந்து உட்கார்ந்தாள். இட்லி ஒன்றரை.

பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் ஒரே பேச்சு. “எங்க சாரு காய்ச்சி எறக்குன தண்ணியாக்கும். அதுலதான் நான் பொழச்சேன்.” மைனி பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். பிறகு மாட்டை அவிழ்த்துக் கட்டப் போய்விட்டார். நானும் வாயைத் திறக்கவில்லை.

செய்யவேண்டியவை: லீவு மனு. ஜாடி கழுவ. தைத்த குடையை வாங்க. கிணற்றுக்கு மருந்து போடச் சொல்ல. சிவகாமியிடம் சொல்ல.

கடைசி ஒன்று தவிர எல்லாம் முடிந்தது.

13-7, திங்கள்

மறுபடி சாரல். பள்ளிக்குக் கிளம்பும்போது வேலிப் படலையில் எதிர்வீட்டுத் தாயம்மை. கையில் செம்பு, தலையில் முந்தானை. அவள் புருஷனுக்கு விடியற்காலையிலிருந்து வாந்திபேதி.

“சாரே, அந்தத் தண்ணி ஒரு செம்பு தரணும். உங்க வீட்டம்மையப் பொழைக்க வச்ச தண்ணி.”

பின்னால் சிவகாமி கதவைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பது தெரிந்தது. கணபதி பின்னால் கொண்டுவந்து வைத்த குப்பி, திறக்காதது, பள்ளிக்குத் திருப்பிக் கொண்டுபோகப் பையில் இருந்தது. கொடுத்துவிட்டு அதில் உப்பைப் போடு என்று சொல்லியிருக்கலாம், மானம் மிஞ்சியிருக்கும். ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தேன்.

“அது வேண்டாம் தாயம்மை. அதைக் குடுத்துத்தான் இவள நான் கொல்லப் பாத்தேன். பொழைக்க வச்சது மைனி கஞ்சி. உப்பு போட்ட வடிகஞ்சி. வாந்தியெடுத்தாலும் விடாம குடு, ஆசுத்திரிக்கும் கொண்டு போ.”

தாயம்மை என்னையும் சிவகாமியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மைனி வீட்டுக்கு ஓடினாள்.

நான் திரும்பவில்லை. சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டே நின்றேன்.

“எத்தனை குப்பி?” என்றாள்.

“அஞ்சு.”

கதவைப் பிடித்தபடியே ஒரு படி இறங்கினாள்.

“அஞ்சையும் நீங்க தந்தியோண்ணுதானே குடிச்சேன்.”